மலையை இடப்பக்கம் வைத்து ஓடாத மகனுக்கு

தம்பி,

போனில் சொன்னால் நீ கேட்கமாட்டாய். "சரிமா, சரிமா, ஷிஃப்டுக்கு டைம் ஆச்சு, வெச்சிடறேன்" என்பாய். உன் அப்பாவும் அப்படித்தான், பிடிக்காத பேச்சு வந்தால் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே வைத்துக்கொள். கோபம் இருந்தால்தான் எனக்கு எழுத்து ஓடுகிறது, இல்லாவிட்டால் அழுகைதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சந்தோஷமாகச் சொன்னாய், ஒரகடத்தில் கம்பெனி ரூமுக்குப் பின்னால் இருக்கிற ரோட்டில் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டாய் என்று. ரூமில் இருக்கிற பையன் சொல்லி ஒரு புது பவுடர் டப்பா வாங்கியிருப்பதாகவும் சொன்னாய். போலீஸ் வேலைக்கு வயசு தளர்வு கொடுக்கப் போகிறார்களாம், இந்தத் தடவை விடமாட்டேன் என்றாய். கடைசியில், போனை வைக்கப் போகிற நேரத்தில், சின்னக் குரலில் சொன்னாய்: "கொஞ்சம் வலிக்குதுமா. பழைய எடத்துலதான்." அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வயசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை சத்துணவு மீட்டிங்குக்காக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தபோது, தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். "அந்த மாதிரி ஆர்டர் எதுவும் வரலீங்க. வருஷா வருஷம் யாராவது கெளப்பி விடறாங்க, பசங்க நம்பிக்கினு ஓடறாங்க" என்றார். தம்பி, அது வராது. உனக்கு இதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும், நான் சொல்லிவிடுகிறேன். நீ காக்கிச் சட்டை போட்டு நான் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நீ ஓடுவாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா? ஓடத்தான் போகிறாய் என்றால், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமலாவது ஓடு. அதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம்.

கல்லூரியில் படிக்கும்போது நீ ஓடினால் ஊரே நின்று பார்க்கும் என்று நான் பீற்றிக்கொள்ளமாட்டேன். பார்த்தது நானும் நாலு நாய்களும்தான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன், நீ ஒரு காற்று மாதிரி போவாய். எனக்கு அப்போது அவ்வளவு கர்வமாக இருக்கும். பிறகு போலீஸ் எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டாய், கம்பெனிக்குப் போனாய், வருடக் கணக்கில் ஒரே இடத்தில் நின்று வேலை பார்த்தாய். இடுப்பில் சதை போட்டது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. திடீரென்று ஒருநாள் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், உடல் தகுதித் தேர்வுதான் பாக்கி, வயசுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாய். மறுநாள் காலையிலேயே, விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தாய். அங்கேதான் எல்லாம் கெட்டது. உன் மனசுக்குப் பழைய வேகம் ஞாபகம் இருந்தது, எலும்புக்கு இல்லை. காய்ச்சல் விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைக்கு நாங்கள் முதல் நாளே தட்டு நிறையப் போடமாட்டோம். குழைத்த சோறாகக் கொஞ்சம் போட்டு, உடம்பு ஏற்கிறதா என்று பார்த்துத்தான் கூட்டுவோம். உனக்கும் அதைச் சொன்னேன். "நான் என்ன சின்னப் புள்ளயாமா?" என்று சிரித்தாய்.

அப்புறம் வந்தது அந்த டப்பா. டவுனில் ஜிம் வைத்திருக்கிற அண்ணன் கொடுத்தான் என்று நீ கொண்டுவந்தாய். அதில் ஒருவன் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை. ஓடுவதற்கு முன்னால் குடிக்க ஒரு சிவப்புப் பொடி வேறு. அதைக் குடித்த காலைகளில் உன் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்வது பனியனுக்கு மேலேயே தெரியும். "இன்னாடா இது, பேய் புடிச்சவனாட்டம் இருக்கற?" என்று அப்பா கேட்டார். நீ என்னிடம் கேட்டது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது: "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் முட்ட போடற, எனக்கு மட்டும் டப்பா வேணாம்ங்கறியே, இன்னாமா நியாயம்?" அரசாங்க முட்டை ஒன்றுகூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து நம் வீட்டில் முட்டை அவியாத நாள் இல்லை. அப்பா விளைவித்த வேர்க்கடலை மூட்டையாகக் கிடந்தது. பருப்பு, தயிர், கேழ்வரகு எதற்கும் குறைவில்லை.

பவுடர் எல்லாமே விஷம் என்று நான் சொல்லவில்லை. பிறகு உன் காலைப் பார்த்த எலும்பு டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாட்டில் சத்து கம்மியாக இருந்தால் சிலருக்கு அது உதவும், ஆனால் அது எலும்பை ஒட்டாது, ஓய்வுக்குப் பதிலாகவும் வராது என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாக எழுதாத டப்பாவைத் தொடவே கூடாது, நெஞ்சை அடிக்க வைக்கிற பொடியைக் கீழே கொட்டிவிடு என்றார். இரும்புச்சத்து மாத்திரையோ, வெயில் சத்து என்கிற விட்டமின் டி மாத்திரையோ, ரத்தம் பார்த்து அவர்கள் சொன்னால்தான் எடுக்கவேண்டும். உன் ரூம் பையன் டாக்டர் இல்லை. அவனுக்கு ஒத்துக்கொண்டது உனக்கு ஒத்துக்கொள்ளும் என்று எங்கேயும் இல்லை.

டாக்டரிடம் போன நாளைப் பற்றி நாம் யாரும் பிறகு பேசவே இல்லை. இடது காலில், முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் விரல் வைத்தாலே நீ துள்ளினாய். அவர் நம் ஊர்க்காரர்தான், நெற்றியில் விபூதி இருந்தது. எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டார். கிரிவலப் பாதையில் என்றாய். எந்தப் பக்கமாக என்று கேட்டார். நீ சிரித்துவிட்டாய். "எந்தப் பக்கம்னா... எல்லாரும் போற பக்கம்தான் சார்." அவர் உன் ஷூவைக் கழற்றச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். இடது ஷூவின் அடிப்பக்கம் வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "ரோடு நடுவுல மேடு, ஓரத்துல சரிவு, மழத் தண்ணி ஓடறதுக்காக. நீங்க டெய்லி அதே எடது ஓரத்துல, அதே பக்கமா ஓடறீங்க. எடது காலு எப்பவுமே பள்ளத்துல விழுது. ரொம்ப நாள் ஓடாம இருந்துட்டு, எடுத்த எடுப்புலயே இவ்ளோ ஜாஸ்தி ஓடினா அந்த எலும்பு இன்னா பண்ணும்?" என்றார். கொஞ்ச நாள் ஓடவே கூடாது, வலி சுத்தமாகப் போன பிறகு நடக்கவேண்டும், பிறகு நடந்து கொஞ்சம், ஓடிக் கொஞ்சம், நடுவில் ஓய்வு நாள் விடவேண்டும். மைதானம் கிடைத்தால் அங்கே போகலாம், இல்லையென்றால் ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம் ஓடவேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவரே குரலை இறக்கினார். "அந்தப் பக்கம்னா... வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

வெளியூர்க்காரன் யாராவது இதைப் படித்தால் சிரிப்பான். மைதானம் மழையில் குளமாகக் கிடந்தது, வாசலைத் தாண்டினால் வழவழவென்று தார் ரோடு. திரும்பி ஓடவேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம் என்பான். அவன் வீட்டுக்குப் பின்னால் அந்த மலை இல்லை. நம் வீட்டில் பிறந்தவர்கள் எல்லாரும் மலையை வலது கைப் பக்கம் வைத்து நடந்தவர்கள். வலது ஓரத்தைக் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு விட்டுவிட்டு, இடது ஓரமாகப் போகவேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அந்த ரோட்டில் ஷூ போட்டு ஓட உனக்கு அனுமதி வாங்கவே நான் ஒரு வாரம் அப்பாவிடம் மன்றாடினேன். அதில் இறங்கி வந்த மனிதர், இதில் இறங்கவில்லை. நீ எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய்! "அப்பா, போலீஸ் கிரவுண்டுலயே எடப்பக்கமா வளைஞ்சிதான் ஓட விடுவாங்க." அவர் உன்னைப் பார்த்துக் கேட்டார்: "அங்க நடுவுல மல இருக்குதா?" அப்புறம் அவரே சொன்னார்: "எனக்குக் கொள்ளி வெக்கறப்ப எடமா சுத்துடா. இப்ப வேணாம்."

ஆனாலும் நீ ஒரு நாள் ஓடினாய். வலி குறைந்த ஒரு காலையில், அவர் நிலத்துக்குப் போன பிறகு, வாசலில் இறங்கி இடது கைப் பக்கம் திரும்பி, வருண லிங்கக் கோயில் பக்கமாக ஓடினாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கால் வலிக்காமல் ஓடுகிறான் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குத்தானா அந்த மனிதர் வரப்பில் மயங்கி விழவேண்டும்! சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், வெயிலில் மண்வெட்டி பிடித்தார். சர்க்கரை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நான்தான் ஓடிப்போய் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினேன், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். தூக்கிவர வந்த பக்கத்து நிலத்துக்காரர், "உம் புள்ள மலைய எடமா சுத்தினுருந்தான், நானே பாத்தேன். அதான்" என்றார். பட்டினி கிடந்தால் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? என் பிழைப்பே அதுதானே. காரணம் இன்னதென்று கைமேல் தெரிந்தும், சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, "போதும்பா, எல்லாரும் போற பக்கமா நேராவே ஓடு" என்றேன். "சரிமா" என்றாய். இன்றைக்கும் நீ போனில் "சரிமா" என்னும்போதெல்லாம் எனக்கு அந்தச் "சரிமா"தான் காதில் விழுகிறது.

அப்புறம் நீ நேராகவே ஓடினாய். வலி திரும்பி வந்தது. உடல் தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது, நாள் இல்லை என்று வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினாய். நான் பார்த்தேன், தடுத்தேன், நீ கேட்கவில்லை. வலி மாத்திரை வலியைத்தான் மறைக்கும், உடைவதை நிறுத்தாது. தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், வியர்த்து ஓடும்போது அதைத் தொடர்ந்து போட்டால் கிட்னியையும் சேர்த்துக் கெடுக்கும். ஓடுவதற்காக இனிமேல் அதைப் போடாதே. ஓடிய மறுநாள் தொடை பிடித்துக்கொண்டால் பரவாயில்லை, அது சதை, சரியாகிவிடும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது, ஓட ஓடக் கூடுகிறது என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடு. நிற்பதில் அவமானம் எதுவும் இல்லை.

தேர்வு நாளில் அப்பாவும் நானும் மைதானத்துக்கு வெளியே, சுவரோரம் டீக்கடையில் நின்றோம். உள்ளே எதுவும் தெரியவில்லை. விசில் சத்தம் மட்டும் கேட்கும். அப்பா சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். நீ இரண்டு பையன்களின் தோளில் கை போட்டு, ஒற்றைக் காலில் வந்தாய். "ஒன்னுமில்லமா, கடைசி ரவுண்டுல மடங்கிடுச்சி" என்று சிரிக்கப் பார்த்தாய். எலும்பு உடைந்த பிள்ளை என்னைச் சமாதானப்படுத்துகிறான்! அன்றிலிருந்து உன் காலைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. "சாப்டானாமா?" என்பார், "சம்பளம் வந்துச்சாமா?" என்பார். கால் என்ற சொல்லே அவர் வாயில் வராது. கல்நெஞ்சம் என்று நினைத்து நான் அவரோடு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு.

நீ போன் பண்ணியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இன்று காலையில் பால் காய்ச்சி வைத்துவிட்டு, என்ன தோன்றியதோ, வாசலில் இறங்கி இடது கைப் பக்கம் திரும்பி நடந்தேன். மலை என் இடப்பக்கம் இருந்தது. எத்தனையோ வருடமாகப் பார்த்த ரோடு, யாரோ வீட்டு ரோடு மாதிரி இருந்தது. எதிரில் வருகிற கூட்டமெல்லாம் என்னையே பார்த்தது. ஆந்திராக்காரம்மா ஒருத்தி கையை ஆட்டி, இப்படிப் போகக்கூடாது என்று காட்டினாள். பூக்காரி நிறுத்திக் கேட்டாள்: "அக்கா, எதுனா மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்களா?" நான், "ஆமா, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வருண லிங்கம் வரை போனேன். டாக்டர் சொன்னது சரிதான், இந்த முறை வலது கால் பள்ளத்தில் விழுந்தது, இடது கால் சுகமாக மேட்டில் வந்தது. பயமாகவும் இருந்தது, மறைக்கமாட்டேன். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் நடந்தேன். எதுவும் நடக்கவில்லை. இதற்குப் போயா என் பிள்ளையை நேராக ஓடு என்று சொன்னோம் என்று நினைத்தபோது, நடுரோட்டில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

இவ்வளவு சொன்னதில் உனக்கு நான்கைந்தாவது காதில் ஏறியிருக்குமா தெரியவில்லை. முதலில் அங்கே ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்து எக்ஸ்ரே படம் எடு. பழைய உடைசல் சேர்ந்ததா என்று பார்க்க மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள், நீ போகவே இல்லை. சேர்ந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு நட. நடந்து வலிக்காவிட்டால் கொஞ்சம் ஓடு. ஷிஃப்டு முடிந்து தூங்காமல் ஓடாதே. ஷூ புதிதாக வாங்கு. டப்பாவைத் திறக்காமல் திருப்பிக் கொடு, வாங்கிக்கொள்ளாவிட்டால் போகிறது. வேர்க்கடலை அனுப்புகிறேன், டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் முட்டை வாங்கி அவித்துச் சாப்பிடு. அங்கே மலை கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி ஓடலாம்.

காலையில் நான் திரும்பி வரும்போது அப்பா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் எந்தப் பக்கமிருந்து வருகிறேன் என்று பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் முன்னால் உன் பழைய ஷூ இருந்தது. பரண்மேல் போட்டிருந்ததை எப்போது எடுத்தாரோ, செருப்பைக்கூடக் கையால் தொடாத மனிதர், துணி வைத்துத் துடைத்திருந்தார். இடது ஷூவைத் தரையில் வைத்தார். தேய்ந்த பக்கமாக அது சாய்ந்தது. விரலால் நிமிர்த்திப் பிடித்தார், விட்டதும் மறுபடி சாய்ந்தது.

"அவன் காலு எப்டி இருக்குதாம்?" என்று கேட்டார்.

"வலிக்குதாம்" என்றேன்.

அந்த ஷூவை மறுபடியும் விரலால் நிமிர்த்தினார். பிறகு என்னைப் பார்க்காமல், "பொங்கலுக்கு வரச் சொல்லு. எந்தப் பக்கம் வேணா ஓடட்டும்னு சொல்லு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இனிமேல் எதற்கு ஓடணும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பார். அவர் மாட்டைப் பார்க்கப் போன பிறகு, ஷூவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, நான்தான் அழுதேன்.

அம்மா